லோடு ஏறினால் நிற்கும் பழைய படகு இன்ஜின்: கேள்வி பதில்

நியூட்ரலில் ரேஸ் செய்தால் கிண்ணென்று ஓடும். கியர் போட்டுப் படகை இழுக்கச் சொன்னால் திணறி நிற்கும். வந்திருக்கும் கேள்விகள் பெரும்பாலும் இந்த ஒரே நோயின் வகைகள். பதிலுக்கு முன் ஒன்று: இன்ஜின் எப்படி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் முதலில் மின்சாரப் பக்கம் பாருங்கள். இருமி இருமித் தளர்ந்து, ஆக்சிலேட்டரைக் குறைத்ததும் உயிர் வந்தால் எரிபொருள். மூட்டை ஏற்றியதுபோல் வேகம் இறங்கிக் கரும்புகையோடு அடங்கினால் காற்று, எக்ஸாஸ்ட், புரொப்பெல்லர்.

கேள்வி: சார், 40 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் இன்ஜின்), பழசு. கரையில் தண்ணீர் ஹோஸ் மாட்டி ஓட்டினால் குறையே இல்லை. தண்ணீரில் முழு வேகம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் இருமி நிற்கிறது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்துவிட்டேன்.

மூன்றாம் முறை கழற்ற வேண்டாம். ‘ஒரு நிமிடம்’ என்று நீங்கள் சொன்னதே பெரிய துப்பு. இந்த அளவு இன்ஜின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 15 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அதாவது நிமிடத்துக்குக் கால் லிட்டர். கரையில் லோடு இல்லாமல் ஓடும்போது அதில் சிறு பங்குதான் தேவை, பாதி அடைத்த குழாயே போதும். தண்ணீரில் முழு வேகம் கொடுத்ததும் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்தது தீர்கிறது. பின்னால் வருவது போதவில்லை. அப்போது நிற்கிறது.

ஓட்டத்தில் திணறத் தொடங்கியதும் இன்னொருவரை விட்டுப் பிரைமர் பல்பை, அதாவது பெட்ரோல் ஹோஸில் உள்ள ரப்பர் உருண்டையை, அமுக்கச் சொல்லுங்கள். இன்ஜின் பிழைத்துக்கொண்டால் கோளாறு கார்புரேட்டருக்கு முன்னால்தான். பல்பையும் பாருங்கள். ஓடும்போது கொஞ்சம் மெத்தென்று இருப்பது இயல்பே. ஆனால் சப்பி ஒட்டிக்கொண்டிருந்தால் பல்புக்கும் டேங்குக்கும் நடுவே அடைப்பு. டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டுங்கள். சரியானால் காற்றுத் துளை அடைத்திருக்கிறது, ஐந்து நிமிட வேலை. சரியாகாவிட்டால் டேங்குக்குள் உறிஞ்சு குழாயின் வலை, அடுத்து டேங்க் வாயில் உள்ள ஆன்ட்டி சைஃபன் வால்வு (பெட்ரோல் தானாக வழிந்து வராமல் தடுப்பது). இந்த வால்வின் சிறு குண்டும் ஸ்பிரிங்கும் துருப்பிடித்துப் பாதி திறந்தபடி நின்றுவிடும். அதைப் பற்றி யாருக்கும் நினைவே வராது.

பழைய ஹோஸை வெளியே பார்த்து நம்பாதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரின் உள் அடுக்கை உரித்துவிடும். உரிந்த தோல் உறிஞ்சும்போது கதவுபோல் மூடிக்கொள்ளும், நின்றதும் திறந்துகொள்ளும். ஊதிப் பார்த்தால் காற்று தாராளமாகப் போகும். அதுதான் ஏமாற்று.

கேள்வி: மேலே கேட்டவன்தான். பல்பை அமுக்கினால் நன்றாக ஓடுகிறது, சப்பவில்லை. அப்படியானால் பம்பு போய்விட்டதா?

இருக்கலாம், ஆனால் தீர்ப்பு எழுத இன்னும் ஒரு சோதனை பாக்கி. நீங்கள் அமுக்கும்போது பலவீனமான பம்புக்கும் உதவுகிறீர்கள், ஹோஸ் ஏர் வாங்கினால் (வெளிக்காற்றை உறிஞ்சினால்) அதையும் மறைக்கிறீர்கள். பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு, பெட்ரோல் தாங்கும் கண்ணாடிபோன்ற ஹோஸை வைத்து ஓட்டுங்கள். குமிழிகள் தொடர்ந்து வந்தால் ஏர் வாங்குகிறது: இணைப்பியின் ஓ-ரிங், ஹோஸ் கிளாம்ப், ஃபில்டர் கிண்ணத்தின் வாஷர். வேக்குவம் கேஜ் இருந்தால் அதே இடத்தில் டி இணைப்பு போட்டு முழு வேகத்தில் பாருங்கள். 4 அங்குலப் பாதரசத்துக்கு மேல் காட்டினால் பின்னால் அடைப்பு. குமிழியும் இல்லை, வேக்குவமும் குறைவு, ஆனாலும் நிற்கிறது என்றால் பம்புதான்.

டூ ஸ்ட்ரோக் பம்பு கிராங்க்கேஸின் அழுத்தத் துடிப்பில் ஓடுவது. உள்ளே டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு விறைத்தால் முழு வேகத்தில் போதாது. ஓட்டை விழுந்தால் துடிப்பு வரும் வழியாகவே பெட்ரோல் இன்ஜினுக்குள் போய் ஒரு சிலிண்டர் மட்டும் நனையும். கிட் வாங்கி மாற்றும்போது கேஸ்கெட்டும் டயாஃப்ரமும் எந்த வரிசையில் இருந்தன என்று கழற்றுவதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: எனக்குப் பல்பு அமுக்கினால் பயனில்லை. சோக்கைச் சிறிது இழுத்தால் மட்டும் வேகம் பிடிக்கிறது. இப்படியே ஓட்டலாமா?

கூடாது. பெட்ரோல் குறைவான கலவையில் ஓடுகிறது என்பதற்கு இதுவே சான்று. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வருகிறது. கலவையில் பெட்ரோல் குறைந்தால் சூடு கூடும், மசகு குறையும், முழு வேகத்தில் பிஸ்டன் உச்சி உருகும். இன்ஜினை நிறுத்திவிட்டு, கார்புரேட்டரில் முழு வேகத்துக்குப் பெட்ரோல் விடும் துளைத் திருகான மெயின் ஜெட்டைக் கழற்றுங்கள். ஐடில் வழியும் மெயின் ஜெட்டும் தனித்தனி. ஸ்லோ நன்றாக இருப்பதால் மெயின் ஜெட் சுத்தம் என்று ஆகாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பி, டிரில் எதுவும் விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனர் ஊற்றி ஊறவைத்து, ஜெட் உட்காரும் வழியையும் காற்றடித்து எடுங்கள். கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டின் உயரத்தைக் கையேட்டில் பார்த்துச் சரிசெய்யுங்கள். கிண்ணத்தில் மட்டம் தாழ்ந்தாலும் இதே அறிகுறிதான். இரண்டு மூன்று கார்புரேட்டர் இருந்தால் அனைத்தையும் ஒரே நாளில் செய்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்போர்டு (படகுக்குள் இருக்கும் இன்ஜின்), பாயின்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்). அரை மணி நேரம் இழுக்கும், பிறகு சட்டென்று நிற்கும். பதினைந்து நிமிடம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும்.

இக்னிஷன் காயிலின் கைவரிசைபோல் இருக்கிறது. ஆனால் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்தாலும் ஆறினால் சரியாகும் என்பதால் முதலில் இரண்டையும் பிரித்துவிடுவோம். நின்றவுடன் சாவியை அணைத்து, இன்ஜின் அறை ஊதியை (ஆவியை வெளியேற்றும் விசிறி) குறைந்தது 4 நிமிடம் ஓடவிட்டு, பெட்ரோல் வாடை இல்லை என்று மூக்கால் உறுதி செய்யுங்கள். பிறகு கார்புரேட்டர் வாயில் உள்ள ஃபிளேம் அரெஸ்டரை (தீ வெளியே வராமல் தடுக்கும் வலை) கழற்றி, ஆக்சிலேட்டர் தண்டைக் கையால் வேகமாகத் தள்ளுங்கள். கார்புரேட்டர் தொண்டையில் பெட்ரோல் கம்பிபோல் பீச்சினால் எரிபொருள் இருக்கிறது. அரெஸ்டரைத் திரும்ப மாட்டிவிட்டு மின்சாரப் பக்கம் போகலாம். பீச்சவில்லை என்றால் பம்பு, குழாய் பக்கம் போங்கள்.

சூடாக இருக்கும்போதே ஸ்பார்க் பாருங்கள், ஆறிய காயில் நல்ல பிள்ளைபோல் நடிக்கும். பிளக்கை வெளியே எடுத்துப் பாடியில் வைத்துப் பார்ப்பது பயனற்ற சோதனை. திறந்த காற்றில் தாண்டும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்திய காற்றில் தாண்டாது. அழுத்தம் கூடக் கூட வோல்டேஜும் கூடுதலாக வேண்டும். லோடு ஏறினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுகிறது, அதனால்தான் லோடில் மட்டும் மிஸ் அடிக்கிறது. இடைவெளி மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டரில் 10 மி.மீ. தாண்ட வேண்டும், நிறம் நீலமாக இருக்க வேண்டும். இதையும் ஊதியை ஓடவிட்டு, வாடை இல்லாதபோதே செய்யுங்கள்.

காயில் மாற்றும் முன் அதற்கு வரும் வோல்டேஜை அளந்துவிடுங்கள். ரெசிஸ்டர் வைத்த அமைப்பில் ஓடும்போது 9 வோல்ட் அளவில் இருப்பது சரியே. நேரடி 12 வோல்ட் அமைப்பில் அவ்வளவுதான் வருகிறதென்றால் சாவி சுவிட்சிலோ பச்சை பூத்த இணைப்பிலோ தொலைகிறது. ரெசிஸ்டருக்கான காயிலை நேரடி 12 வோல்ட்டில் மாட்டினால் அதுவும் இப்படித்தான் சூடேறிச் சாகும்.

டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்த கையோடு மூன்றையும் முடித்துவிடுங்கள்: பாயின்ட் இடைவெளி (நான்கு சிலிண்டரில் பெரும்பாலும் 0.4 முதல் 0.5 மி.மீ., உங்கள் கையேடே இறுதி), கண்டென்சர், அட்வான்ஸ் எடைகள். அடியில் உள்ள இந்த எடைகள் துருவில் ஒட்டிக்கொண்டால் வேகம் கூடினாலும் டைமிங் முன்னால் நகராது, இழுவையே வராது. ரோட்டரைக் கையால் சுழலும் திசையில் திருப்பி விட்டால் ஸ்பிரிங் இழுத்துத் திரும்ப வேண்டும்.

கேள்வி: அண்ணே, செலவு குறையும் என்று கார் டிஸ்ட்ரிபியூட்டரைப் போடலாமா?

வேண்டாம். படகு இன்ஜின் அறையில் பெட்ரோல் ஆவி அடியில் தேங்கும். படகுக்கான டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் எல்லாம் உள்ளே எழும் பொறி வெளி ஆவியைப் பற்றவைக்காதபடி செய்யப்பட்டவை. கார் பாகம் அப்படி இல்லை.

கேள்வி: இரண்டு சிலிண்டர் டீசல். கியரில் பாதி வேகம்கூட வருவதில்லை, கரும்புகை, கொஞ்சம் அழுத்தினால் நிற்கிறது. இன்ஜெக்டர், பம்பு இரண்டையும் சர்வீஸ் செய்தாயிற்று.

கரும்புகை என்றால் டீசல் வருகிறது, எரிய வழியில்லை. முதலில் எக்ஸாஸ்ட் எல்போவைக் கழற்றுங்கள். சூடான புகையும் கடல்நீரும் கலக்கும் இந்த வளைவில் கரியும் உப்பும் சேர்ந்து கல்லாகும். விரல் நுழையும் துளை சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்குச் சுருங்கியிருக்கும். மூச்சை வெளியே விட முடியாதவன் உள்ளே இழுப்பது எப்படி? சுரண்டும்போது உள் சுவர் அரித்திருக்கிறதா என்று பாருங்கள். மெலிந்திருந்தால் புதிதுதான் போட வேண்டும். ஓட்டை விழுந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும்.

எல்போ சுத்தமாக இருந்தால் ஏர் ஃபில்டர். அதுவும் சரி என்றால் படகைக் கரையேற்றி அடிப்பகுதியைப் பாருங்கள். புரொப்பெல்லரில் ஒட்டிய சிப்பி, தண்டில் சுற்றிய கயிறு, பழுதுபார்த்தபோது மாற்றிப் போட்ட அதிகப் பிட்ச் (புரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம்). பிட்ச் ஒரு அங்குலம் கூடினால் உச்ச வேகத்தில் ஏறத்தாழ 150 முதல் 200 ஆர்.பி.எம். குறையும்.

கேள்வி: என் டீசலில் புகையே இல்லை. வேகம் ஏறி இறங்கி ஏறி இறங்கி நிற்கிறது. ஏர் எடுத்தால் (டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினால்) ஒரு மணி நேரம் நன்றாக ஓடுகிறது.

ஏர் வாங்கும் இடத்தைப் பிடிக்காமல் ஏர் எடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவே உறிஞ்சல். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் சொட்டாது, காற்று மட்டும் உள்ளே போகும். அதனால் ஈரம் தேடிப் பயனில்லை. சந்தேகம்: தண்ணீர் பிரிப்பான் கிண்ணத்தின் ஓ-ரிங், பலமுறை இறுக்கி நசுங்கிய செம்பு வாஷர், டேங்குக்குள் விரிசல் விட்ட உறிஞ்சு குழாய். கடைசியில் சொன்னது இருந்தால் டேங்க் நிறைந்திருக்கும்போது ஓடும், பாதியானதும் நிற்கும். இன்ஜினை நேராக ஒரு கேனிலிருந்து ஓட்டிப் பாருங்கள்; இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் கோளாறு, கேன் வைப்பதற்காக நீங்கள் விலக்கிவைத்த பகுதியில்தான்.

ஏர் எடுக்கும் வரிசை: ஃபில்டர் மேல் திருகைத் தளர்த்தி, கை லீவரை அடித்து, குமிழியில்லாமல் டீசல் வந்ததும் அடிக்கும்போதே இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் திருகு. கடைசியாக இன்ஜெக்டர் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டர் சுற்றி, டீசல் துடித்து வந்ததும் இறுக்குங்கள். துடிக்கும் இடத்தில் கை வைக்காதீர்கள், அந்த அழுத்தம் தோலைத் துளைத்துவிடும். ஸ்டார்ட் ஆகாமல் நெடுநேரம் சுற்றுவதாக இருந்தால் கடல்நீர் வால்வை மூடிவையுங்கள். இல்லையென்றால் சைலன்சர் நிரம்பித் தண்ணீர் சிலிண்டர்வரை ஏறும். ஓடத் தொடங்கியதும் முதல் வேலையாக அதைத் திறங்கள்.

ஃபில்டரில் கறுப்பாக வழவழவென்று சேர்ந்திருந்தால் டேங்கின் அடித் தண்ணீரில் நுண்ணுயிர் வளர்கிறது. ஃபில்டர் மாற்றினால் மட்டும் போதாது. தண்ணீரை வடித்து, டேங்கைக் கழுவி, மருந்து போட வேண்டும்.

கேள்வி: ஸ்டெர்ன் டிரைவ் (இன்ஜின் படகுக்குள், டிரைவ் பின்னால் வெளியே), கியரிலிருந்து நியூட்ரலுக்கு வரும்போது மட்டும் நிற்கிறது.

கியர் கேபிள். பல ஸ்டெர்ன் டிரைவ்களில் கியர் விடுபடுவதற்காக இக்னிஷனை ஒரு கணம் துண்டிக்கும் சுவிட்ச் உண்டு. கேபிள் கனத்துப்போனால் சுவிட்ச் அழுந்தியே நிற்கும், இன்ஜின் அணைந்துவிடும். சுவிட்சைத் துண்டித்துவிட்டு ஓட்டுவது தீர்வல்ல. கேபிளை மாற்றி அளவு வையுங்கள்.

கேள்வி: இவ்வளவும் பார்த்தும் இழுவை இல்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) எவ்வளவு இருக்க வேண்டும்?

எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் முக்கியம். பெட்ரோல் இன்ஜினைச் சூடாக்கி, இக்னிஷனைத் துண்டித்து, எல்லாப் பிளக்குகளையும் எடுத்து, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் மாட்டிச் சுற்றுங்கள். ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒன்று மட்டும் தாழ்ந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு ஒன்றாகத் தாழ்ந்தால் நேராக ஹெட்டைக் கழற்றலாம்.