மகனைப் பிரசாரத்துக்கு அனுப்பலாமா? – ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

அஞ்சல் துறையில் பணியாற்றும் உங்களுக்கு இரண்டு கவலைகள் இருப்பது கடிதத்திலிருந்து தெரிகிறது. பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகன் உங்கள் தொகுதி வேட்பாளர் ஒருவருக்காகத் தன்னார்வலராக உழைத்தால், பின்னாளில் அவன் எழுத நினைக்கும் அரசுத் தேர்வுகளுக்கு அது தடையாகுமா என்பது ஒன்று. உங்கள் வேலைக்கே ஏதேனும் வில்லங்கம் வருமா என்பது மற்றொன்று. “பெயர் ரிப்போர்ட்டில் ஏறிவிடும்” என்று உறவினர் சொன்னதை மட்டும் வைத்து அவனைத் தடுத்துவிடாதீர்கள். தடுக்க வேண்டியவை வேறு சில இருக்கின்றன.

ஒரு கட்சிக்காக வாக்குக் கேட்டவர் அரசுப் பணிக்குத் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை. மத்தியப் பிரதேசத்தில் ஓர் ஆசிரியர், முன்பு அரசியல் நடவடிக்கைகளில் பங்கெடுத்தவர் என்ற காவல்துறை அறிக்கையின் பேரில் பணியிலிருந்து நீக்கப்பட்டபோது, அந்த நீக்கம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1983-இல் தீர்ப்பளித்தது. பணியில் சேர்ந்த பிறகு எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது என்பதுதான் விதி. எனவே உற்சாகத்தில் உறுப்பினர் அட்டையும் இளைஞரணிப் பொறுப்பும் வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். பிற்பாடு எழுதிக்கொடுத்து விலகி, அதற்குச் சான்று வைத்திருக்கும் அலைச்சல் மிச்சமாகும்.

நன்னடத்தைச் சரிபார்ப்பில் உண்மையாகவே சிக்கலை உண்டாக்குவது வழக்கு. அனுமதி பெறாத பைக் ஊர்வலத்திலோ இரு தரப்பும் உரசிக்கொள்ளும் இடத்திலோ நின்றிருந்தால், கூட்டத்தோடு கூட்டமாக முதல் தகவல் அறிக்கையில் பெயர் சேர்ந்துவிடும். தேர்தல் முடிந்ததும் கட்சிக்காரர்கள் அதை மறந்துவிடுவார்கள்; பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் பணி நியமனப் படிவத்திலும் வழக்கு நிலுவையில் உள்ளதா என்ற கட்டத்தை நிரப்ப வேண்டியவன் உங்கள் மகன். அப்படி ஏதும் நேர்ந்துவிட்டால் அதை மறைக்கவே கூடாது. நியமனத்தின்போது தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும் என்பதை அவதார் சிங் வழக்கில் 2016-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அற்பமான வழக்கை மறைத்ததைப் பொறுத்துக்கொள்ளும் விருப்புரிமைகூட நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது.

அதைவிடக் கடுமையாக நான் எச்சரிப்பது வாக்குப்பதிவுக்கு முந்தைய கடைசி மூன்று நாட்களைப் பற்றி. “தம்பி, இந்தப் பையை அடுத்த தெருவில் கொடுத்துவிட்டு வா” என்று பொறுப்பாளர் சொல்லும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிற துணிவு இருபது வயதுப் பையனுக்குச் சட்டென்று வராது. வாக்குக்குப் பணம் கொடுப்பது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்; ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்துச் சென்றால் பறக்கும் படை பறிமுதல் செய்யும். பணப் பட்டுவாடாப் புகாரால் 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும், பெருந்தொகை பிடிபட்டதால் 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தலும் ரத்தான மாநிலம் இது. பணம், பரிசுப் பொருள், டோக்கன் எதையும் தொடமாட்டேன் என்று பிரசார வேலையில் சேரும் நாளிலேயே அவன் சொல்லிவிடட்டும். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாத துண்டறிக்கையை விநியோகிக்கவும் மறுத்துவிட வேண்டும். அதை அச்சிடுவதும் வெளியிடுவதும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி குற்றம்.

இனி உங்கள் வேலை. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் ஐந்தாவது விதி உங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. குடும்பத்தினரைப் பற்றி அது சொல்வது அரசைக் கவிழ்க்க முனையும் இயக்கங்களை மட்டுமே. வயது வந்த மகன் சட்டப்படி நடக்கும் தேர்தலில் பிரசாரம் செய்வதை அது தடுக்கவில்லை. ஆனால் ஊழியர் தம் உடலிலோ வாகனத்திலோ வீட்டிலோ தேர்தல் சின்னத்தைக் காட்டுவதே செல்வாக்கைப் பயன்படுத்துவதாகக் கருதப்படும் என்று அதே விதியின் விளக்கம் கூறுகிறது. வண்டி உங்கள் பெயரில் பதிவாகியிருந்தால், அதில் சின்னத்தை ஒட்டிக்கொண்டு அவன் போகக் கூடாது. வாசல் சுவரில் சின்னம் வரையவும் இடம் கொடுக்காதீர்கள்.

என்ன வேலையைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான மாணவர்கள் யோசிப்பதே இல்லை. வேட்பாளரின் வேனுக்குப் பின்னால் கொடி பிடித்து ஓடிவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரு பாகத்தின் (அதாவது ஒரு வாக்குச்சாவடிப் பகுதியின்) வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று, இறந்தவர், குடிபெயர்ந்தவர், இரட்டைப் பதிவு என்று பென்சிலால் குறித்து, மாலையில் அதை எக்செல்லில் ஏற்றி, மறுநாள் எந்தத் தெருவுக்கு யார் போவது என்று பிரித்துக் கொடுப்பது நல்ல வேலை. வாக்காளராகப் பதிவு செய்திருந்தால் வாக்குச்சாவடி முகவராகவும் உட்காரலாம்: காலையில் குறைந்தது 50 வாக்குகளுடன் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவைச் சரிபார்ப்பது, வாக்குப்பதிவு முடிந்ததும், பதிவான வாக்குகளின் கணக்கான 17சி படிவத்தை வாங்கிப் பத்திரப்படுத்துவது என்று நாள் முழுவதும் கவனம் கேட்கும் பணி அது.

தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு பெரும்பாலும் ஏப்ரலில் வருகிறது. 2021-இல் 6-ஆம் தேதி, 2024-இல் 19-ஆம் தேதி. அதுவே செமஸ்டர் தேர்வு நெருங்கும் காலம். வருகைப்பதிவு 75 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இழுபறியாக இருந்தால் வார இறுதிகளில் மட்டும் போகட்டும்.

சுயவிவரக் குறிப்பில் தலைவரின் பெயரும் முழக்கமும் வேண்டாம். எத்தனை வீடுகளின் தகவலைத் திரட்டினான், எத்தனை பேரை ஒருங்கிணைத்தான் என்பதை எழுதலாம். எந்தக் கட்சி என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் தயங்காமல் ஒரே வரியில் சொல்லிவிட்டு வேலையைப் பற்றிப் பேசட்டும். இந்த அனுபவத்துக்குப் பிறகும் அவனுக்கு இத்துறையில் நாட்டம் இருந்தால், பட்டம் முடித்ததும், நாடாளுமன்ற, சட்டமன்றப் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். அமைப்பின் லேம்ப் ஃபெல்லோஷிப்புக்கு விண்ணப்பிக்கலாம். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு ஆய்வு உதவியாளராகப் பணியாற்றும் அந்த வாய்ப்புக்கு 25 வயது வரம்பு உண்டு என்பதால், அதை இறுதியாண்டிலேயே கவனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.