கவுன்சலிங்கில் எதைக் கேட்டாலும் 'தெரியல' என்பவரை எப்படிப் பேச வைப்பது?

அம்மாவின் வற்புறுத்தலில் வந்த 21 வயதுப் பெண், நான்கு செஷன் ஆகியும் மனம் திறக்கவில்லை, எழுதச் சொன்ன டைரியையும் எழுதுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பேச வைக்கும் முயற்சியை முதலில் நிறுத்துங்கள். அந்தத் 'தெரியல' எதையோ காத்து நிற்கிறது. உண்மையைச் சொன்னால் அடியோ ஏளனமோ கிடைத்த இடத்தில் அந்த ஒரு சொல்தான் அவரைத் தப்ப வைத்திருக்கும். உங்கள் அறையில் அது தேவைப்படாது என்று நான்கே சந்திப்பில் அவர் எப்படி நம்புவார்?

எந்தக் கேள்விக்குப் பின் அது வருகிறது என்று கவனியுங்கள். காலேஜைப் பற்றிச் சரளமாகப் பேசுவார். அப்பா பேச்சு வந்ததும் துப்பட்டா நுனி விரலில் சுருளும், மூச்சு மேலோடு நிற்கும், பிறகு 'தெரியல'. அங்கே அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். "இதைச் சொல்லாம இருக்க உங்களுக்கு ஒரு காரணம் இருக்கும். விஷயத்தை இப்ப சொல்ல வேண்டாம். சொன்னா என்ன ஆயிடும்னு தோணுது, அதை மட்டும் சொல்றீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

வரும் பதிலைப் பொறுத்தே அடுத்த வேலை. "நீங்க அம்மாகிட்ட சொல்லிடுவீங்க" என்றால் குறை நம்முடையது. ரகசியக் காப்பை முதல் நாளே தெளிவாக்கியிருக்க வேண்டும். இப்போதாவது அம்மாவை வைத்துக்கொண்டே, உயிருக்கு ஆபத்து அல்லது சட்டக் கட்டாயம் என்றால் தவிர எதுவும் வெளியே போகாது என்று சொல்லுங்கள். "அழ ஆரம்பிச்சா நிறுத்த முடியாது" என்றால் முதலில் நிறுத்தப் பழக்குங்கள்: இரண்டு நிமிடம் மட்டும் பேசுவது, கையைத் தூக்கினால் உடனே நிறுத்துவது, பாதத்தைத் தரையில் அழுத்தி அறையில் தெரியும் ஐந்து பொருள்களைச் சொல்வது. நிறுத்த முடிகிறது என்று ஒருமுறை கண்டால்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார். "தப்பா நினைப்பீங்க" என்றால் பேனாவைக் கீழே வையுங்கள். குறிப்பைப் பிறகு எழுதலாம்.

பெரும்பாலும் கெடுவது விளக்கம் சொல்லிப் புரிய வைக்கப் பார்ப்பதால். உளவியல் ஆய்வாளர்களான பேட்டர்சனும் ஃபோர்காட்சும் 1985இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தெரபிஸ்ட் போதிப்பதையும் தட்டிக்கேட்பதையும் கூட்டியபோது ஒத்துழையாமை கூடியது, குறைத்தபோது குறைந்தது. நாம் 'எதிர்ப்பு' என்று அவர் கணக்கில் எழுதுவதில் ஒரு பங்கு நம்முடையது. இதை மனதார ஏற்காமல் மேலே சொன்ன கேள்வியைக் கேட்டால், அது இன்னொரு தந்திரம் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

டைரி விஷயத்தில், அதை வீட்டில் எங்கே வைப்பார் என்று கேட்டீர்களா? அம்மா எடுத்துப் படிக்கும் வீடாக இருந்தால் எழுதாததுதான் புத்திசாலித்தனம். லாக் போட்ட மொபைலில் நாளுக்கு ஒரு சொல் போதும்.

எல்லா மௌனமும் தற்காப்பு அல்ல. கடும் மனச்சோர்வில் யோசனையே மந்தமாகிவிடும். சிலருக்கு உணர்ச்சிக்குப் பெயர் வைக்கத் தெரியாது, "தொண்டையிலயா, நெஞ்சிலயா, எங்க இறுக்கமா இருக்கு?" என்று உடலிலிருந்து தொடங்குங்கள். பார்வை வெறித்து, இருக்கும் இடமே மறந்தவர் போலானால் அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டு அவர் கவனத்தை இந்த அறைக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று: செஷனின் கடைசிப் பத்து நிமிடத்தில் கனமான எதையும் திறக்காதீர்கள். திறந்த புண்ணோடு அவர் திரும்பிப் போவது அதே வீட்டுக்குத்தான்.