கேள்வி – பதில்: ஏரிக்கரையில் ஓர் ஏற்றுமதி மண்டலம்

கேள்வி: சுதந்திர வர்த்தக மண்டலங்கள் வரிச்சலுகையோடு சுற்றுச்சூழல் விதிகளிலும் சலுகை பெற்றே வளர்கின்றன என்கிறார்கள். நீர்நிலைகளைக் கெடுக்காமல் அவற்றால் வளர முடியுமா?
– கல்லூரி மாணவி, ஈரோடு

முடியும். ஊரெங்கும் சிதறிக் கிடக்கும் பட்டறைகளைவிட மண்டலத்துக்குள் அது எளிதும்கூட. அங்கே நிர்வாகம் ஒன்று, கழிவுநீர் போய்ச் சேரும் இடமும் ஒன்று. எத்தியோப்பியாவில், அடிஸ் அபாபாவுக்குத் தெற்கே சுமார் 275 கி.மீ. தொலைவில், 2016 ஜூலையில் திறக்கப்பட்ட ஹவாசா தொழிற்பூங்காவைப் பாருங்கள். அந்நகரை ஒட்டிய ஹவாசா ஏரியிலிருந்து எந்த ஆறும் வெளியே ஓடுவதில்லை என்பதால், அதில் கலக்கும் உப்பும் சாயமும் கடலுக்குப் போக வழியின்றி அங்கேயே சேர்ந்துகொண்டிருக்கும். இதனால்தான் ஆடை ஏற்றுமதிக்கென்றே அமைந்த அந்தப் பூங்காவைக் கட்டும்போதே, துளிக் கழிவுநீரும் வெளியேறாத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தையும் சேர்த்துக் கட்டினார்கள். அதை அமைத்தது அகமதாபாத்தின் அர்விந்த் குழும நிறுவனம். ஆலைகளை ஓடவிட்டு, ஆறு கெட்ட பிறகு நீதிமன்றம் போகும் நம் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்றால் கழிவே இல்லை என்று பொருளா?
– வாசகர், திருப்பூர்

இல்லை என்பது உங்கள் ஊருக்கே நன்றாகத் தெரியும். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி நூலில் ஒட்டிக்கொள்ள, உப்போ கிட்டத்தட்ட முழுவதும் நீரிலேயே தங்கிவிடுகிறது. ஆர்.ஓ. சவ்வு நல்ல நீரைப் பிரித்துத் தந்த பிறகு மிஞ்சும் கடும் உப்புநீரை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து உப்பாக்க வேண்டியிருப்பதால், செலவு ஏறுவதும் எரிபொருள் கரைவதும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். அதில் மீண்டும் சாயமேற்றப் பயன்படும் உப்பு போக, எதற்கும் உதவாத கலவை உப்பும் கசடும் மூட்டை மூட்டையாகத் தேங்குகின்றன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டுப் பின்னர் இந்த முறையோடு திறக்கப்பட்டபோது நொய்யலுக்குக் கிடைத்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆற்றில் ஓடிய கழிவு இன்று மூட்டையாகவும் புகையாகவும் மாறியிருக்கிறது என்பதையும் கணக்கில் எழுத வேண்டும் என்கிறேன். எத்தியோப்பியாவில் மின்சாரம் பெரும்பாலும் நீர்மின்சாரம் என்பதால், மின்சாரத்தைப் பொறுத்தவரை ஹவாசாவின் புகைக் கணக்கு நம்முடையதைவிடச் சற்று இலகுவானது.

கேள்வி: அப்படியானால் ஹவாசா வெற்றிதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

ஏரியைப் பொறுத்தவரை திட்டம் சரியானது; பொருளாதாரத்தைப் பொறுத்தவரை அவ்வாறு சொல்வதற்கில்லை. 2019-ல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வொன்று அங்கு தொடக்கநிலைத் தொழிலாளியின் அடிப்படை மாதச் சம்பளம் 26 டாலர் என்று காட்டியது. இதில் வாடகை கொடுத்து நகரில் வாழ முடியாத இளம்பெண்கள் சில மாதங்களிலேயே வேலையை விட்டுப் போனதில் வியப்பில்லை. அடுத்த அடி அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆப்பிரிக்க நாடுகளின் சரக்கைத் தீர்வையின்றி அனுமதிக்கும் ‘அகோவா’ சட்டத்தின் சலுகையை, அந்நாட்டின் வடக்கே நடந்த டிக்ரே உள்நாட்டுப் போரின் மனித உரிமை மீறல்களைக் காரணம் காட்டி, 2022 ஜனவரி 1 முதல் எத்தியோப்பியாவுக்கு அமெரிக்கா நிறுத்தியது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு 16.5 சதவீதத் தீர்வை வந்து சேர்ந்தது. ஹவாசாவின் முதன்மை முதலீட்டாளரான அமெரிக்க ஆடை நிறுவனம் பி.வி.எச். அதற்கு முன்பே, 2021 நவம்பரில், தன் ஆலையை மூடுவதாக அறிவித்துவிட்டது.

சுத்திகரிப்பு நிலையத்துக்கோ ஆர்டர் குறைந்தாலும் பராமரிப்பும் ஆட்சம்பளமும் குறைவதில்லை. பத்து ஆலைகள் பகிர்ந்த செலவை ஆறு ஆலைகள் சுமக்கும்போது, எவாப்பரேட்டரை நிறுத்திவிட்டு இரவில் மதகைத் திறந்துவிடும் ஆசை எந்த நாட்டு மேலாளருக்கும் வரும். ஆகவே பசுமை மண்டலம் அமைக்கும் அரசு முதலீட்டாளருக்குத் தரும் வரிவிலக்கின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, சுத்திகரிப்பு நிலையத்துக்கென ஒரு நிதியை முதல் நாளிலேயே ஒதுக்குவதே முறை என்பது என் கருத்து.