ஐந்து மணிக்கு முன்னால் மடத்துக்குப் போய்விடுங்கள்

கேள்வி: நவம்பர் இரண்டாம் வாரம் அப்பா, அம்மாவோடு ஜப்பான் போகிறோம். இருவருக்கும் வயது 65 தாண்டிவிட்டது. முட்டைகூடத் தொடாத சைவம். டோக்கியோவும் கியோட்டோவும் போக இரண்டு நாள் மிச்சம் இருக்கிறது. நகரத்தை விட்டுத் தள்ளி ஒரு பழைய கோயில் மலையைப் பார்க்க ஆசை. தேவா சான்சான், கோயாசான் இரண்டில் எதற்குப் போகலாம்? அம்மாவுக்கு முட்டி வலி உண்டு. சாப்பாடுதான் பெரிய கவலை.

பதில்: கோயாசானுக்கே போங்கள். தேவா சான்சானை நான் ஒதுக்குவதற்கு முட்டி வலி மட்டும் காரணமில்லை, மாதமும்தான். ஹகுரோ, கஸ்ஸான், யுதோனோ என்ற மூன்று மலைகள் சேர்ந்ததுதான் தேவா சான்சான். அதில் உயரமான கஸ்ஸான் 1,984 மீட்டர். அதன் உச்சியில் உள்ள கோயிலை ஜூலை 1-ஆம் தேதி திறந்து செப்டம்பர் நடுவிலேயே அடைத்துவிடுவார்கள். யுதோனோவும் நவம்பர் தொடக்கத்தோடு சரி. மிச்சம் ஹகுரோ. அங்கே ஓங்கி வளர்ந்த சுகி என்ற ஊசியிலை மரங்களுக்கு நடுவே 2,446 கல்படிகள். மேலே வரை பஸ் போகிறது, ஆனால் அந்தப் படிகளில் கால் வைக்காமல் ஹகுரோ போய்வருவதில் என்ன இருக்கிறது?

கோயாசான், வகயாமா மாகாணத்தில் சுமார் 800 மீட்டர் உயரத்தில் மலைகள் சூழ்ந்த ஒரு சின்ன ஊர். 816-இல் கூகாய் என்ற துறவி பேரரசரிடம் இடம் கேட்டு வாங்கித் தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய ஐம்பதில் யாத்திரிகர்கள் தங்கலாம். இந்தத் தங்கும் மடத்துக்கு சுகுபோ என்று பெயர்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். ஜப்பானில் சைவர்களை ஏமாற்றுவது கண்ணுக்குத் தெரிகிற மீன் இல்லை, தாஷி என்ற சாறு. நம் ஊர் மாசிக் கருவாடு தெரியுமல்லவா? சூரை மீனை வேகவைத்துக் கட்டைபோலக் காயவைப்பார்களே, அதே மாதிரிப் பொருளைச் சீவிக் கொதிக்கவைத்து எடுப்பதுதான் வழக்கமான தாஷி. காய்கறி மட்டும் மிதக்கிற சூப்பிலும், நூடுல்ஸ் குழம்பிலும் அது இருக்கும். ஆனால் மடத்தில் பரிமாறும் ஷோஜின் ரியோரி துறவிகளின் சமையல். சாறுகூடக் கடற்பாசியிலும் காளானிலும்தான் எடுப்பார்கள். வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. உறையவைத்துக் காயவைத்த கோயா தோஃபு, எள்ளை அரைத்துக் கிளறிய கோமா தோஃபு, வறுவல், ஊறுகாய், சோறு என்று சின்னச் சின்னக் கிண்ணங்களில் வரும். இருந்தாலும் முன்பதிவு செய்யும்போதே ‘மீன் சாறும் முட்டையும் கூடாது’ என்று எழுதிவிடுங்கள். உங்கள் பெற்றோரின் விரதத்துக்கு ஜப்பானிலேயே பத்திரமான இடம் இந்த மடங்கள்தான். உண்மையான தலைவலி கீழே ரயில் நிலையத்துக் கடைகளில்தான், அங்கே இந்த எச்சரிக்கையை விடாதீர்கள். காரமும் புளிப்பும் குறைவு, தயிர் கிடையாது. பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாம். ஆனால் பரிமாறும் இடத்தில் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம், சமைத்த துறவி பார்த்தால் மனசு கஷ்டப்படும்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை: கடிகாரம். கோயாசானில் பொழுது சீக்கிரம் முடிந்துவிடும். மடத்துக்கு மாலை 5 மணிக்குள் வந்துவிடச் சொல்வார்கள். சாப்பாடு ஐந்தரை, ஆறு மணிக்கே. நவம்பரில் ஐந்துக்கே இருட்டிவிடும், கடைகளும் அப்போதே மூடும். எட்டு மணிக்கு டீ குடிக்கலாம் என்று நினைத்தால் தெருவில் விளக்கு மட்டும்தான் இருக்கும். அதனால் கியோட்டோவிலிருந்து காலையிலேயே கிளம்புங்கள், மூன்று மணி நேரம் ஆகும். ஒசாகாவின் நம்பா நிலையத்தில் நங்காய் நிறுவனத்தின் ரயில் ஏறி கோகுராகுபாஷியில் இறங்கினால், அங்கிருந்து கேபிள் கார் ஐந்தே நிமிடத்தில் மேலே கொண்டுவிடும். மேலிருந்து ஊருக்குள் பஸ்தான், அந்தச் சாலையில் நடக்க அனுமதி இல்லை. பெரிய பெட்டிகளை முந்தைய ஓட்டலிலேயே டக்யூபின் என்ற பார்சல் சேவையில் அடுத்த ஓட்டலுக்கு அனுப்பிவிட்டு, கைப்பையோடு ஏறுங்கள்.

முட்டி வலிக்கு: பெரும்பாலான மடங்களில் தரையில்தான் படுக்கை, சில இடங்களில் கழிப்பறை பொது. நாற்காலியும் அறையோடு கழிப்பறையும் உள்ள மடமாகக் கேட்டு வாங்குங்கள், விலை கூடும், பரவாயில்லை. நவம்பர் ராத்திரி குளிர் நன்றாகவே கடிக்கும். அடிக்கடி செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதால் கயிறு கட்டாத ஷூவும், தடிமனான காலுறையும் அவசியம்.

விடியற்காலைப் பூஜையைத் தவறவிடாதீர்கள். சில மடங்களில் அக்கினி வளர்த்து கோமா செய்வார்கள். நம் ஹோமம்தான், பெயர்கூட இங்கிருந்து போனதுதான். (எள்ளுக்கும் கோமா என்றுதான் பெயர், அது வேறு சொல்.) கூகாயின் குரு ஹுய்குவோ, அவருடைய குரு அமோகவஜ்ரர், அவருக்கு குரு தென்னிந்தியாவிலிருந்து 8-ஆம் நூற்றாண்டில் கடல் வழியாகச் சீனா போன வஜ்ரபோதி. அப்பாவுக்கு இதைச் சொல்லுங்கள், முழங்கால் மடக்கி உட்கார அவரே தயாராகிவிடுவார்.

பூஜை முடிந்ததும் ஓகுனோயின். லட்சக்கணக்கான கல்லறைகளுக்கு நடுவே 2 கிலோமீட்டர் பாதை. அம்மாவுக்காக ஓகுனோயின்-மாயே நிறுத்தம் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து நடங்கள், பாதி தூரம் குறையும். பாதையின் முடிவில் கூகாயின் சமாதி. 835-இல் அவர் இறந்துபோகவில்லை, தியானத்தில்தான் இருக்கிறார் என்பது நம்பிக்கை. ஜீவ சமாதி என்று சொன்னால் வீட்டில் உடனே புரியும். தினமும் காலை 6 மணிக்கும் 10.30 மணிக்கும் அவருக்குச் சாப்பாடு எடுத்துப்போகிறார்கள். சமாதிக்கு முன்னால் உள்ள கோபியோ பாலத்தைத் தாண்டினால் படம் எடுக்கக் கூடாது, தொப்பியைக் கழற்ற வேண்டும். இது புத்தர் கோயில், கைகூப்பினால் போதும். கைதட்டிக் கும்பிடுவது ஜப்பானின் பூர்வீக மதமான ஷிந்தோவின் கோயில்களில்தான்.

ஊரின் தலைமைக் கோயிலான கோங்கோபுஜியின் கல் தோட்டத்துக்கு அரை மணி ஒதுக்குங்கள். வெள்ளை மணலில் 140 கருங்கற்கள், மேகத்திலிருந்து எழும் இரண்டு டிராகன்களாம். எனக்கு டிராகன் தெரிந்ததே இல்லை, ஆனாலும் அம்மா உட்கார்ந்து கால் நீட்ட அந்தத் தாழ்வாரத்தைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. பத்தரை மணிச் சாப்பாட்டு ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்தீர்கள் என்றால், மதியப் பஸ்ஸை நிதானமாகப் பிடிக்கலாம்.