மகளின் முடிவும் உறவினரின் பேச்சும்

கேள்வி: கணவர் கைநீட்டுவதால் மகள் விவாகரத்துக் கேட்கிறாள். தங்கையின் கலியாணம் தடைப்படும் என உறவினர் தடுக்கின்றனர். என்ன செய்வது?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அம்மா, தங்கைக்கு வரன் அமைவதற்காக அக்காளை அடிவாங்கத் திருப்பியனுப்புவது பெரும் அநியாயம். முற்காலத்துப் பெண்கள் பொறுத்துப்போனதற்குக் கையில் சொந்த வருமானம் இல்லாததும் ஒரு காரணம். இன்று உழைக்கும் மகளிடம் அதே பொறுமையை எதிர்பார்க்கக் கூடாது. இலங்கையின் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டம் சோரம் (துணையல்லாத ஒருவருடன் உறவு), வன்மத்துடன் கைவிடுதல் (மணவாழ்வை முறிக்கும் எண்ணத்துடன் பிரிதல்), விவாகத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை ஆகியவற்றையே விவாகரத்துக்கான காரணங்களாக ஏற்பதால், இருவரும் சம்மதித்தாலும் அது மட்டும் போதாது. எனினும், கொடுமை தாங்காமல் மனைவி வெளியேறினால், கைவிட்டவர் கணவரே என மாவட்ட நீதிமன்றம் கொள்ள இடமுண்டு. ஆகவே பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் வைத்தியசாலைத் துண்டுகளையும் பத்திரப்படுத்தி, மகளுடன் நீங்களே சட்டத்தரணியிடம் செல்லுங்கள்.