டூமும் ஒரு வகுத்தல் கணக்கும்

கேள்வி: 1993-இல் ‘டூம்’ கணினி விளையாட்டைப் பார்த்து வாய் பிளந்து நின்றோம். அதில் இருந்தது உண்மையான முப்பரிமாணமே இல்லை, வெறும் ஏமாற்று வேலை என்று இப்போது சொல்கிறார்களே?

பதில்: ‘ஏமாற்று’ என்று சொன்னவர்கள் முதலில் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். கீழே விளையாடுபவரின் நிலையைக் காட்டும் பட்டை போக, டூமின் காட்சி 320-க்கு 168. மொத்தம் 53,760 திரைப் புள்ளிகள். எட்ட இருப்பது சிறுத்தும் கிட்ட இருப்பது பெருத்தும் தெரிய, ஆழத்தால், அதாவது கண்ணிலிருந்து உள்ள தூரத்தால், வகுத்தாக வேண்டும். அன்றைய கணினிகளின் 486 சில்லு ஒரு கூட்டலை ஒரே துடிப்பில் (அதன் கடிகாரம் ஒருமுறை அடிக்கும் நேரத்தில்) முடித்துவிடும். வகுத்தலுக்கு 40 துடிப்பு கேட்கும். புள்ளிக்கு ஒரு வகுத்தல், நொடிக்கு 35 காட்சி என்று வைத்தால் ஏழரைக் கோடித் துடிப்பு ஆகிறது. 66 மெகாஹெர்ட்ஸ் சில்லிடம் நொடிக்கு இருப்பதே ஆறு கோடியே அறுபது லட்சம்தான்!

டூமின் நிரலை எழுதிய ஜான் கார்மாக் இதற்குக் கண்ட வழி என்ன? சுவரெல்லாம் செங்குத்து, தரையெல்லாம் சமதளம் என்று விதித்துக்கொண்டார். செங்குத்துச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு பத்தியை எடுத்தால், அது முழுக்க ஒரே ஆழம். பத்திக்கு ஒரு வகுத்தல் போதும், மிச்சமெல்லாம் கூட்டல். தரையில் கிடைவரிசை முழுக்க ஒரே ஆழம். தலையை நிமிர்த்திப் பார்க்கும் வசதி டூமில் இல்லாததும் இதனால்தான். பார்வை சாய்ந்த கணமே இந்தக் கணக்கு உடைந்துவிடும். அறைக்கு மேல் அறை கட்ட முடியாது என்பதும் உண்மை. ஆனால் அதே குழுவின் முந்தைய விளையாட்டான 1992-இன் ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’யில் சுவரெல்லாம் ஒரே உயரம், திருப்பமெல்லாம் செங்கோணம், தரைக்கு ஒற்றை நிறம். அடுத்த ஆண்டே படிக்கட்டும் கோணல் சுவரும் இருட்டும் வந்தால் யார்தான் வாய் பிளக்க மாட்டார்கள்?

அந்த இருட்டைச் சொல்லியே ஆக வேண்டும். திரையில் 256 நிறங்கள்தான். ஒவ்வொரு நிறமும் மங்கினால் எந்த நிறமாக வேண்டும் என்று 32 படிகளுக்கு முன்பே அட்டவணை எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கு 256 பைட். தூரம் கூடக்கூட அடுத்த அட்டவணைக்கு மாறும். பெருக்கல்கூடக் கிடையாது, எடுத்து வைப்பது மட்டும்தான்.

டூமுக்குப் புது வரைபடம் (விளையாட்டுக் களம்) கட்டுகிறவர்களுக்கு ஒன்று: உயரமோ ஒளியோ மேலே ஒட்டிய படமோ வேறுபடும் தரை, கூரைப் பரப்புகள் ஒரே பார்வையில் 128-ஐத் தாண்டினால், மூல டூம் அப்படியே நின்றுவிடும். சுவருக்குப் படம் ஒட்ட மறந்தால் அந்த இடத்தில் பழைய காட்சிகள் இழுபட்டுத் தெரியும். காரணம், காட்சிக்குக் காட்சி திரையைத் துடைப்பதில்லை. எல்லாப் புள்ளியும் எப்படியும் வரையப்பட்டுவிடும் என்ற நம்பிக்கை.

ஏமாற்று என்று சொல்லத்தக்கது வேறொன்று இருக்கிறது: டூமின் திரைக்காட்சியை, நிலைப்பட்டையும் சேர்த்து, 320-க்கு 200 என்று அப்படியே அச்சிடுவது. இந்தப் பக்கத்தில் எத்தனை முறை சொல்லியாயிற்று! அது 4-க்கு 3 திரைக்காக வரைந்த படம். அந்தத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு உயரம் கூடுதல். அப்படியே போட்டால் அரக்கர்கள் எல்லோரும் குட்டையாகப் பருத்துப்போகிறார்கள். அகலத்தை 5 மடங்கும் உயரத்தை 6 மடங்கும் பெருக்குங்கள், 1600-க்கு 1200 கிடைக்கும். பெருக்கும்போது மென்மையாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். புள்ளியின் ஓரம் கூராகவே இருக்க வேண்டும்.