தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைக்கு ஞானத்தை எப்படிக் கொடுப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வளரும், தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகளிடம் பெற்றோரின் ஆன்மிக அறிவு எப்படிப் போய்ச் சேரும் என்று கேட்டிருந்தீர்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் அங்கே வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பின், கரும்புத் தோட்டங்களில் பாடலும் விரதமும் பெரும்பாலும் வாய்மொழியாகவே பிள்ளைகளுக்குக் கைமாறின. ஆகவே எழுத்து இல்லாமை ஒரு குறைதான், தடையல்ல.

என் தாயார் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்திருந்த நோட்டில், ழகரம் வரும் இடமெல்லாம் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கும். வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும், அந்த வட்டத்தில் நாக்கு சறுக்கினால் முதலிலிருந்து பாடச் சொல்வார். பொருளை மட்டும் அவர் சொன்னதில்லை. கேட்டால், பாடு, தானே விளங்கும் என்பார். எனக்கு விளங்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதனால்தான் சுவாமிமலைக் கதையை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். அங்கே ஓம் என்ற பிரணவத்தின் பொருளை மகன் முருகன் உபதேசிக்க, தந்தையான சிவபெருமான் மாணவராக இருந்து கேட்கிறார். தைப்பூசக் காவடியைப் பார்த்து, இவர் ஏன் அலகு குத்தியிருக்கிறார் என்று பிள்ளை கேட்கும்போது, அது நம் வழக்கம் என்று முடித்துவிடாமல், நீ என்ன நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்டு, அதன் பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள்; உங்கள் விளக்கத்தை அதன் பிறகு சொல்லலாம்.